ஸ்கேனுக்கு முதல் நாள் கவ்வாத்துக் கத்தியை ஒளித்து வையுங்கள்

என் அப்பாவின் முதல் பெட் ஸ்கேன் படத்தில் அதிகம் ஒளிர்ந்தது புரோஸ்டேட் புற்றுநோய் அல்ல, அவருடைய வலது தோளும் முன்கையும்தான்.

டாக்டர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஐயா நேற்று என்ன வேலை செய்தார்?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் திருப்பிக் கேட்டேன். அப்பா முதலில் ஒன்றுமில்லை என்றார். அப்புறம் மெதுவாக, "லயத்துக்குப் பின்னால நிக்கிற செடி பதினஞ்சு இருபது மட்டும்தான் வெட்டினேன் பிள்ள" என்றார். நாற்பது வருஷம் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிய கை அது. சும்மா இருக்கச் சொன்னால் இருக்காது.

வேலை செய்த தசை ஸ்கேன் மருந்தை இழுத்துக்கொண்டதால், அந்தப் படத்தைப் பிறகு ஒப்பிடுவதற்கு வைத்துக்கொள்ள முடியாமல் போனது. ஐந்து மணித்தியாலம் பஸ்ஸில் போய், கடன் வாங்கிய காசைக் கட்டி எடுத்த படம். ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். குளுக்கோசு தசைக்குள் எப்படிப் போகிறது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் வரைகிற எனக்கே அப்பாவின் கத்தியை வாங்கி வைக்கத் தோன்றவில்லை. மூன்று ஸ்கேன் முடிந்துவிட்டது. தோட்டத்திலிருந்து இதே வேலையாகப் போகப்போகிற குடும்பங்களுக்காக, நான் படித்ததையும் பட்டதையும் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் புற்றுநோய் டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. அந்த முடிவுக்கு அவருக்குச் சுத்தமான படம் கிடைக்கச் செய்வது நம் கையில் இருக்கிறது.

முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்து வேலை செய்கிறதா, நோய் மருந்தை மீறிவிட்டதா என்பதை ஒரு படம் சொல்லாது. முதல் படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் சொல்லும். அந்த வித்தியாசம் நோயால் மட்டுமே வந்ததாக இருக்க வேண்டும். சாப்பாட்டால், குளிரால், வேலையால், நேரக் கணக்கால் வந்த வித்தியாசம் அதோடு கலந்துவிட்டால் எது எது என்று பிரிக்க முடியாது.

சரி, முதலில் ஸ்கேனுக்கு முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று.

புரோஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி. அதில் வரும் புற்றுநோய் டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் ஓமோனை நம்பி வளர்வது. 1941இல் சார்ள்ஸ் ஹக்கின்ஸ் என்ற அறுவை மருத்துவர் அந்த ஓமோனைக் குறைத்தால் நோய் அடங்குகிறது என்று காட்டினார்; அதற்காக 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கும் வயிற்றில் போடுகிற மாத ஊசி, மூன்று மாத ஊசி எல்லாம் அந்த வழிதான். இரத்தத்தில் டெஸ்டோஸ்டெரோன் டெசிலீற்றருக்கு 50 நனோகிராமுக்குக் கீழே (நனோமோல் கணக்கில் லீற்றருக்கு 1.7) இறங்கியிருந்தும் பீ.எஸ்.ஏ. (புரோஸ்டேட் கலங்கள் சுரக்கிற, இரத்தத்தில் அளக்கிற ஒரு புரதம்) ஏறிக்கொண்டே போனாலோ ஸ்கேனில் நோய் கூடினாலோதான் ஓமோன் மருந்துக்கு நோய் எதிர்ப்புக் காட்டுகிறது என்று சொல்வார்கள். டெஸ்டோஸ்டெரோன் இறங்காமலே பீ.எஸ்.ஏ. ஏறினால் அது வேறு கதை. ஊசி பிந்தியிருக்கலாம்.

எங்களுக்கு அப்படியும் ஒரு தடவை நடந்தது. மண் சரிந்து பாதை அடைபட்டு, கிளினிக் நாள் தவறி, ஊசி மூன்று கிழமை பிந்தியது. அடுத்த பீ.எஸ்.ஏ. கூடியதும் வீட்டில் எல்லோரும் இடிந்து போனோம். டெஸ்டோஸ்டெரோன் பார்த்தபோது அதுவும் கூடியிருந்தது. ஊசி போட்ட பிறகு இரண்டும் இறங்கின. ஆகவே பீ.எஸ்.ஏ. கூடினால் "டெஸ்டோஸ்டெரோனும் பார்ப்போமா டாக்டர்?" என்று கேளுங்கள். செலவு குறைந்த பரிசோதனை அது. ஒரு வருஷத்துக்குப் பிறகு பீ.எஸ்.ஏ. 0.4இலிருந்து 1.1, 2.9, 6.3 என்று மூன்று தடவை ஏறியது. அப்போது டெஸ்டோஸ்டெரோன் நன்றாக இறங்கியே இருந்தது. அதற்குப் பிறகுதான் பெட் ஸ்கேன் என்ற பேச்சு வந்தது.

இந்த ஸ்கேன் எதைக் காட்டுகிறது?

சீரீ (CT) ஸ்கேன் உறுப்பின் உருவத்தைக் காட்டும். பெட் ஸ்கேன் கலங்களின் அனுசேபத்தை, அதாவது கலம் எதை எவ்வளவு வேகமாகத் தின்கிறது என்பதைக் காட்டும். நம் நாட்டில் நோயாளிக்குப் பெரும்பாலும் கிடைப்பது எப்.டீ.ஜீ. என்ற மருந்து. அது குளுக்கோசு போலவே இருக்கும். அதில் கதிர்வீசும் புளோரின்-18 ஒட்டியிருக்கும். கலம் அதைக் குளுக்கோசு என்று நம்பி உள்ளே எடுத்து, முதல் படியில் பொசுபேற்று ஏற்றிவிடும். அதற்கு மேல் அதை உடைக்க முடியாது, வெளியேயும் விட முடியாது. காலையில் பிரட்டுக்களத்துக்கு வந்து வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு மலைக்குப் போக முடியாமல் நிற்கிற ஆள் மாதிரி அங்கேயே நிற்கும். எங்கே கூட்டம் அதிகமோ அங்கே படம் ஒளிரும்.

புரோஸ்டேட்டில் இதற்கு ஒரு தனிக் குணம் உண்டு. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது எனக்கே உற்சாகம் வந்துவிடும். உடம்பின் மற்றக் கலங்கள் சித்திரிக்கமிலத்தை, கலத்தின் சக்தி நிலையமான இழைமணிக்குள் எரித்துச் சக்தி எடுக்கின்றன. ஆரோக்கியமான புரோஸ்டேட் கலம் அதை எரிப்பதில்லை. சேர்த்து வைத்து விந்துப் பாயத்துக்குள் விடுகிறது. அதற்காகத் தனக்குள் நாகத்தை, அதாவது துத்தநாகத்தை, நிறையச் சேர்த்து வைக்கிறது. அந்த நாகம் சித்திரிக்கமிலத்தை உடைக்கிற நொதியத்தைத் தடுத்து நிறுத்துகிறது. புற்றுநோய் தொடங்கும்போது கலம் இந்த நாகத்தை இழந்துவிடும். தடை விலகியதும் சேர்த்து வைத்ததை எரிக்கத் தொடங்கும். அதனால் ஆரம்பக் கட்டத்தில் அதற்குச் சீனிப் பசி பெரிதாக இருக்காது.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. ஒன்று, ஆரம்பத்தில் எப்.டீ.ஜீ. படம் வெறுமையாக வந்தால் நோய் இல்லை என்று நினைக்கக் கூடாது. மற்றது, முன்பு ஒளிராத இடம் பின்னால் ஒளிரத் தொடங்கினால் அந்த இடத்துக் கலங்கள் தங்கள் பழக்கத்தை மாற்றி, குளுக்கோசைப் பிடித்துக்கொண்டு வேகமாக வளர்கின்றன என்று சந்தேகப்பட வேண்டும். மருந்தை மீறிய நோயில் இது அடிக்கடி நடக்கிறது. இன்னொன்றும் உண்டு. ஒரே மனிதனின் உடம்பில் இடுப்பெலும்பில் இருக்கிற கட்டி மருந்துக்கு அடங்கும், முதுகெலும்பில் இருப்பது அடங்காது. ஊசி குத்தி எடுக்கும் சதைத் துண்டு ஓரிடத்துக் கதையைத்தான் சொல்லும். படம் தலையிலிருந்து தொடைவரை எல்லா இடத்தையும் ஒரே நேரத்தில் காட்டும். மருந்து எங்கே தோற்கிறது என்று தேட அதனால்தான் இது உதவுகிறது.

முதல் நாள் செய்ய வேண்டியது

24 மணித்தியாலத்துக்கு உடம்பு வேலை வேண்டாம். கவ்வாத்து, மண்வெட்டி, விறகு, தண்ணீர்க் குடம் ஒன்றும் வேண்டாம். மேட்டு லயத்துக்கும் ரோட்டுக்கும் இடையே இருநூறு படி இருந்தால் முதல் நாளே கீழே ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்க வையுங்கள். வேலை செய்த தசை குளுக்கோசை உறிஞ்சும். அது உறிஞ்சுவதால் கட்டிக்குப் போவது குறைந்து, நோய் இருப்பதைவிடச் சிறியதாகத் தெரியும்.

இரவுச் சாப்பாட்டில் சோறு, ரொட்டி, கிழங்கைக் குறைத்து முட்டை, மீன், கீரை கொடுங்கள். ஸ்கேனுக்கு ஆறு மணித்தியாலத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் நிறுத்தி, வெறும் தண்ணீர் மட்டும் கொடுங்கள். தண்ணீர் நிறையக் குடிக்கலாம், குடிப்பது நல்லது.

இங்கேதான் நம் ஆட்கள் தவறுகிறார்கள். "ஒன்றும் சாப்பிடக் கூடாது" என்று சொன்னால், பிளேன்டீயைச் சாப்பாட்டுக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு குடிக்கிற பழக்கம் அவ்வளவு ஊறியது. அப்பா அதை விட்டுவிட்டார், ஆனால் கினிகத்தேனை வளைவுகளில் வாந்தி வரும் என்று பையில் இஞ்சி டொபி வைத்திருந்திருக்கிறார். யட்டியாந்தோட்டை போய்ச் சேர்வதற்குள் நாலு டொபி போய்விட்டது. வைத்தியசாலையில் விரலில் குத்தி இரத்தச் சீனி பார்த்தபோது 168. அவருக்கு நீரிழிவு கிடையாது. ஸ்கேன் எடுப்பதற்கு 200க்குக் கீழே இருந்தால் போதும் என்பதால் எடுத்தார்கள். ஆனால் டொபி சாப்பிட்டதும் இன்சுலின் சுரந்து, தசைகளின் கதவைத் திறந்துவிட்டது. தோள் அப்படி எரிந்ததற்கு டொபிக்கும் பங்கு உண்டு. வாந்தி வருகிறவருக்கு முன் சீட்டு பிடித்துக் கொடுங்கள். மாத்திரை வேண்டுமானால் டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் கிளினிக்கில் கட்டாயம் சொல்ல வேண்டும்: மெட்போமின் மாத்திரை குடலை ஒளிர வைக்கும், இன்சுலின் போடுகிற நேரத்தையும் அவர்கள்தான் சொல்ல வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

வெற்றிலையும் அன்று வேண்டாம். மென்றுகொண்டே இருந்தால் தாடைத் தசை ஒளிரும்.

குளிரைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கழுத்து, தோள்பட்டை, முதுகெலும்பின் இரு பக்கம் இருக்கிற பழுப்புக் கொழுப்பு, குளிர் பட்டால் உடம்பைச் சூடாக்க குளுக்கோசை எரிக்கும். நிணநீர்க் கணு இருக்கிற இடமும் அதுவே என்பதால் படம் பார்க்கிறவருக்குக் குழப்பம். வயதானவர்களுக்கு இந்தக் கொழுப்பு குறைவுதான், ஆனாலும் நடுங்கினால் தசையும் எரிக்கும். விடியக் காலை மூன்று மணிக்கு மூடுபனியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமா? பனியனுக்கு மேல் சுவெட்டர், குல்லா, கம்பளி எல்லாம் போட்டு அனுப்புங்கள். கொழும்பு வெயிலில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், ஊசி போடும்வரை சூடாக இருக்கட்டும்.

ஊசி போட்ட பிறகு

எப்.டீ.ஜீ. ஊசி ஏற்றியதும் ஒரு மணித்தியாலம் அளவில் அறையில் படுக்க வைப்பார்கள். பேசக் கூடாது, போன் பார்க்கக் கூடாது. பேசினால் குரல்வளைத் தசை ஒளிரும். அப்பா அங்கிருந்த தாதி மிஸ்ஸியிடம் ஊர்க் கதை சொல்லத் தொடங்க, அவர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாராம். படம் எடுக்கப் போவதற்குச் சற்று முன் சிறுநீர் கழிக்க வேண்டும். எப்.டீ.ஜீ. சிறுநீரோடு வெளியேறுவதால் நிறைந்த சிறுநீர்ப்பை பக்கத்திலே இருக்கிற புரோஸ்டேட்டை மறைத்துவிடும். எரிச்சல், வலி இருந்து முழுதாகக் கழிக்க முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். அப்பா இதை என்னிடம் சொல்ல மாட்டார். அதனால் இரண்டாவது தடவை தம்பியை அவரோடு அனுப்பினேன்.

நேரத்துக்குப் போங்கள். புளோரின்-18இன் அரை ஆயுட்காலம் 110 நிமிடம். நீங்கள் பிந்தினால் மருந்து காத்திருக்காது.

வீட்டுக்கு வந்த பிறகு பேரப்பிள்ளைகளைப் பற்றிய பயம் எல்லோருக்கும் வரும். ஒரே காம்பராவில் ஏழு பேர் படுக்கிற வீட்டில் நியாயமான பயம்தான். கணக்குப் பாருங்கள்: ஒன்பது மணித்தியாலத்தில் ஐந்து அரை ஆயுட்காலம் போய்விடும், அப்போது மீதி முப்பத்திரண்டில் ஒரு பங்கு. சிறுநீரோடு போனதைச் சேர்த்தால் அதைவிடக் குறைவு. அன்று பின்னேரம்வரை கைக்குழந்தையை மடியில் வைக்காமல், பஸ்ஸில் கர்ப்பிணிப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்காராமல் இருந்தால் சரி.

கொப்பியில் எழுத வேண்டியவை

ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு பக்கம். திகதி, நிறை, இரத்தச் சீனி, ஊசி போட்ட நேரம், படம் எடுக்கத் தொடங்கிய நேரம், எவ்வளவு மருந்து ஏற்றினார்கள், எந்தக் கருவி. மரியாதையாகக் கேட்டால் சொல்வார்கள். அதற்குக் கீழே, கடைசி ஓமோன் ஊசி எப்போது, கீமோ எப்போது, கதிர்ச் சிகிச்சை எப்போது, கடந்த இரண்டு மூன்று மாதத்தில் விழுந்தாரா, பல் வலியா, காய்ச்சலா, தடுப்பூசி போட்டாரா.

நிறையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. அறிக்கையில் எஸ்.யூ.வி. என்று ஓர் எண் வரும். ஏற்றிய மருந்து உடம்பெங்கும் ஒரே சீராகப் பரவியிருந்தால் எல்லா இடத்திலும் அது 1. ஓரிடத்தில் 6 என்றால் சராசரியைப் போல் ஆறு மடங்கு அங்கே சேர்ந்திருக்கிறது. இந்தக் கணக்குக்குள் உடம்பு நிறை வருகிறது. அப்பாவிடம் கேட்டபோது பழைய ஞாபகத்தில் 62 கிலோ என்றார். நிறுத்துப் பார்த்தால் 54. 62 என்றே போட்டிருந்தால் எல்லா எண்ணும் ஏறக்குறைய 15 வீதம் கூடிக் காட்டியிருக்கும். கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ வெட்டினால் தராசடியில் நியாயம் கேட்கிற நாங்கள், நம் நிறையைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு தடவையும் அங்கேயே நிறுக்கச் சொல்லுங்கள்.

ஊசிக்கும் படத்துக்கும் இடைப்பட்ட நேரமும் அப்படியே. கட்டி நேரம் போகப் போக இன்னும் சேர்த்துக்கொண்டே இருக்கும். ஒரு தடவை 60 நிமிடம், அடுத்த தடவை 90 நிமிடம் என்றால் நோய் கூடாமலே எண் கூடும். முடிந்தவரை அதே கருவி, அதே இடைவெளி.

படங்கள் உள்ள சீ.டீ.யைக் கேட்டு வாங்காமல் வரவே வராதீர்கள். ஓரிடத்தில் எங்களுக்குக் காகித அறிக்கை மட்டும்தான் தந்தார்கள். அடுத்த ஸ்கேனில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் படம் இல்லாமல், அதற்காகவே ஒரு நாள் சம்பளத்தைவிட்டு நான் திரும்பப் போனேன்.

அறிக்கையை எப்படிப் பார்ப்பது

முதலில் ஈரலின் எஸ்.யூ.வி.யைப் பாருங்கள். இரண்டு படத்திலும் அது ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் ஒப்பிடலாம். ரொம்ப வேறுபட்டிருந்தால் ஏதோ மாறியிருக்கிறது, கேளுங்கள். பிறகு ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். எங்கள் முதல் படத்தில் இடுப்பெலும்பு 4.1, இரண்டாவதில் 6.8. பார்த்ததும் நெஞ்சு அடைத்தது. டாக்டர், "முதல் எண்ணை நம்ப முடியாது, தசை எடுத்துவிட்டது. இரண்டாவதை ஆரம்பமாக வைப்போம்" என்றார். பொதுவாக 30 வீதமாவது மாறினால்தான் அதை மாற்றமாக எடுப்பார்கள், சின்ன ஏற்ற இறக்கத்துக்குப் பயப்பட வேண்டாம்.

புதிதாக ஒளிர்வதெல்லாம் நோயில்லை. இரண்டாவது படத்தில் அப்பாவின் இடது விலாவில் புதிதாக ஒரு புள்ளி. கொப்பியில் நான் எழுதியிருந்தேன்: ஆறு கிழமைக்கு முன் மழையில் இஸ்தோப்புப் படியில் வழுக்கி விழுந்தார், இடது பக்கம் அடி. சீரீயில் அந்த இடத்தில் ஆறிவருகிற வெடிப்பு தெரிந்தது. அந்த ஒரு வரி எழுதாமல் இருந்திருந்தால் அது புதிய பரவல் என்று கணக்கில் போயிருக்கலாம். பல்லில் சீழ், காசநோய்க் கணு, கீமோவுக்குப் பிறகு வெள்ளணு கூட்டப் போடும் ஊசி, இவை எல்லாமே ஒளிரும். கதிர்ச் சிகிச்சை முடிந்து இரண்டு மூன்று மாதம் போகாமல் எடுத்தால் அந்த இடத்துப் புண்ணும் ஒளிரும். எலும்பு ஸ்கேனில் இன்னொரு பொறி இருக்கிறது: மருந்து வேலை செய்யத் தொடங்கிய முதல் மூன்று மாதத்தில், ஆறுகிற எலும்பே கூடுதலாக ஒளிர்ந்து நோய் கூடிய மாதிரிக் காட்டும். அதனால்தான் புதிய புள்ளி வந்தாலும் இன்னொரு ஸ்கேன் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறார்கள். இழுத்தடிக்கிறார்கள் என்று நானும் கோபப்பட்டேன், காரணம் பின்னால்தான் தெரிந்தது.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். பீ.எஸ்.ஏ. அதிகம் கூடாமல், படத்தில் மட்டும் புள்ளிகள் பலமாக ஒளிர்ந்து, நோயாளி மெலிந்துகொண்டே போனால் காத்திருக்காதீர்கள். சில வேளை கலங்கள் ஓமோன் வழியையே விட்டுவிட்டு நரம்பு-ஓமோன் கலங்களின் குணத்துக்கு மாறிவிடும். அவை பீ.எஸ்.ஏ.யைச் சரியாகச் சுரக்காது. அதைப் பிடிக்க எப்.டீ.ஜீ. படம் நல்ல துணை.

மற்றப் படங்கள்

பீ.எஸ்.எம்.ஏ. ஸ்கேன் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது சீனிப் பசியைப் பார்ப்பதில்லை, புரோஸ்டேட் புற்றுக் கலத்தின் மேற்பரப்பில் இருக்கிற ஒரு புரதத்தைப் பிடிக்கிறது. 2020 டிசம்பரில் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. அதே புரதத்தைத் தேடிப்போய்க் கதிர் பாய்ச்சும் லுட்டீசியம்-177 மருந்துக்கு 2022இல் அனுமதி கிடைத்தது. அவுஸ்திரேலியாவில் 200 பேரோடு நடந்த தெராப் ஆய்வில் இரண்டு படத்தையும் சேர்த்து எடுத்தார்கள்: எப்.டீ.ஜீ.யில் ஒளிர்ந்து பீ.எஸ்.எம்.ஏ.யில் ஒளிராத கட்டி உள்ளவர்களை அந்தச் சிகிச்சைக்கு எடுக்கவில்லை, ஏனென்றால் மருந்துக்குப் பிடித்துக்கொள்ள அங்கே புரதம் இல்லை. மருந்து எங்கே தோற்கும் என்பதை மருந்து கொடுப்பதற்கு முன்பே பார்க்கிற வழி இது. நாங்கள் போன இடத்தில் எப்.டீ.ஜீ. மட்டும்தான் இருந்தது.

என் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இன்னொன்றை. குளுக்கோசு உடையும்போது உண்டாகிற பைருவிக்கமிலத்தின் காபன்-13ஐ மிகக் கடுங்குளிரில் காந்தப்படுத்தி, எம்.ஆர்.ஐ.யில் அதன் சமிக்ஞையைப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் கூட்டி, உருக்கி உடம்புக்குள் ஏற்றுகிறார்கள். புற்றுக் கலம் அதை இலற்றிக்கமிலமாக மாற்றுவதை நேரடியாகப் பார்க்கலாம். இரண்டு நிமிடத்துக்குள் பார்த்து முடித்துவிட வேண்டும், அதற்குப் பிறகு சமிக்ஞை போய்விடும். கதிர்வீச்சு கிடையாது. மனிதரில் இதை முதன்முதலில் சான் பிரான்சிஸ்கோவில் 31 புரோஸ்டேட் நோயாளிகளிடம் செய்து 2013இல் வெளியிட்டார்கள். கட்டி சுருங்குவதற்கு முன்பே, சில கிழமைகளில் மருந்து படுகிறதா என்று இதில் தெரியலாம் என்பதுதான் எதிர்பார்ப்பு. இன்னும் ஆய்வு நிலையில் இருக்கிற விஷயம்தான். ஆனால் கிளைக்கோப்பகுப்பை, அதாவது குளுக்கோசு உடைகிற படிகளை, மனப்பாடம் செய்கிற ஒரு பிள்ளை, அந்தக் கடைசித் தாக்கத்தை ஒரு நோயாளியின் உடம்புக்குள் படமாகப் பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ளட்டும். தோட்டத்துப் பிள்ளைகளில் யாராவது ஒருவர் இந்த வேலைக்குப் போக வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

அப்பாவுக்கு இரண்டாவது படத்துக்குப் பிறகு, அதுவரை நோய்க்குக் கொடுத்துவந்த மாத்திரையை நிறுத்தி டொசிடக்செல் கீமோ கொடுத்தார்கள். மூன்றாவது படத்தை எல்லா விதியையும் காத்து எடுத்தோம். சீனி 94, நிறை 52, இடைவெளி 61 நிமிடம். ஆறு இடத்தில் ஐந்து நன்றாக இறங்கியிருந்தன. முதுகெலும்பில் ஒன்று மட்டும் 6.1இலிருந்து 8.4 ஆக ஏறியிருந்தது. எந்த இடம் மருந்துக்கு மசியவில்லை என்று விரலை வைத்துக் காட்ட முடிந்ததால், அந்த ஓரிடத்துக்கு மட்டும் கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். இப்போது அவரால் இரவில் மல்லாந்து படுக்க முடிகிறது.

நாலாவது ஸ்கேனுக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. கொப்பியில் புதுப் பக்கம் கோடு போட்டு வைத்துவிட்டேன். கத்தி தம்பி வீட்டில், சாக்கில் சுற்றி, பரணில் இருக்கிறது. இஞ்சி டொபிப் பை என் அலுமாரியில்.